பதினோராம் எண்

லிங்கேஸ்வரன் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே எதிர்ப்பக்க பெஞ்சைப் பார்த்தான். ராஜபாளையம் போட்டிக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த அரசுத் துறை அணியின் மேனேஜராக, கழுத்தில் அடையாள அட்டையோடு சிவபாண்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மகாலட்சுமி. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே மனைவி அனுசியா சொல்லியனுப்பியிருந்தாள். "அந்தச் சர்டிபிகேட்டு ஒங்க ஆட்டத்துக்கு வந்ததுதான? நடந்தத ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க. கூச்சப்பட்டுட்டுத் திரும்பி வந்து நிக்காதிய."

வெள்ளிக்கிழமை ஒரு கல்லூரியில் கோச் வேலைக்கு நேர்காணல். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் கேட்கிறார்கள். பதினான்கு வருடங்களில் பத்தொன்பது கூடைப்பந்து அணிகளுக்கு ஆடியவனிடம் அது மட்டும் இல்லை.

கெஸ்ட் பிளேயர் பிழைப்பு அப்படித்தான். எங்கோ ஓர் அணிக்கு உயரமான ஆள் குறையும், போன் வரும், பையைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று நாள் ஆடிவிட்டு, பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இருபது வயதில் அப்படிக் கேரளாவுக்குப் போயிருந்தபோதுதான் மாவட்ட அணித் தேர்வு முடிந்துபோனது. திரும்பி வந்தால், தேர்வாகியிருந்த சிவபாண்டிக்குக் கணுக்கால் சுளுக்கு. மாநிலப் போட்டிக்கான பட்டியலோ ஏற்கெனவே போய்விட்டது. ஆட்டத்துக்கு முன் மேசையில் ஸ்கோர் ஷீட்டில் பெயரையும் பனியன் எண்ணையும் எழுதுவார்கள். அதன் பிறகு யாருக்கும் முகம் தேவையில்லை. நடுவர் விரல்களால் எண்ணைக் காட்டுவார். மேசையில் இருப்பவர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்.

"சிவபாண்டியோட பதினொன்னப் போட்டுக்கிட்டு எறங்குலே. அடுத்த வருசம் ஒம்பேர்லயே ஆடலாம்" என்றார் கோச் தங்கச்சாமி.

இறங்கினான். கோப்பை வந்தது. சான்றிதழ் பதினொன்றுக்கு நேரே இருந்த பெயருக்குப் போனது. அதை வைத்து அந்தப் பெயருக்கு வேலையும் கிடைத்தது. அடுத்த வருடத் தேர்வின்போது லிங்கேஸ்வரன் கோயம்புத்தூரில் ஒரு மில் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடியது அவன்தான்.

"ஏலே லிங்கம்! இன்னுமா ஓடுத? முட்டி தேஞ்சு மாவாயிருக்குமே?" எதிர்ப்பக்க பெஞ்சுக்கு வந்தவனுக்குச் சிவபாண்டி நகர்ந்து இடம் விட்டான்.

"ஒந் தொப்பைக்கு எம் முட்டி தேவல" என்று உட்கார்ந்தான். "ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்லே."

சிவபாண்டியின் சிரிப்பு நின்றது. அந்தத் தாளை எழுதினால் யாருடைய வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"அண்ணே, அந்த ஃபைனலுக்கு நீங்களும் இருந்தியளா?" மகாலட்சுமி ஆவலாக முன்னால் சாய்ந்தாள். "கடைசி நிமிசத்துல இவிய எடது கையால போட்டுத்தான் ஜெயிச்சாவளாம்லா. கல்யாணமான நாள்லருந்து சொல்லுதாவ. எனக்கு நம்பிக்கையே இல்ல. எடது கையால ஒரு செம்புத் தண்ணி தூக்கமாட்டாவ!"

சிவபாண்டி அடையாள அட்டையின் கயிற்றைத் திருகினான். கண்கள் தரையில் இருந்தன.

"இருந்தேன்" என்றான் லிங்கேஸ்வரன்.

"நெசந்தானா? எப்படிண்ணே விழுந்துச்சு?"

ஒற்றை வரியில் முடித்திருக்கலாம். முடியவில்லை. வலப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்க்க வேண்டும். தடுப்பவனின் எடை முழுதும் அந்தப் பக்கத்துக் காலுக்குப் போய்விடும். அவன் அதை மீட்பதற்குள் இடப்பக்கம் இரண்டு எட்டு. வளையத்தைப் பார்க்கக் கூடாது. பலகையில் வரைந்திருக்கும் கட்டத்தின் மேல்மூலையில் பந்தை மெல்லத் தொட வைத்தால் போதும், பலகையே அதை உள்ளே அனுப்பிவிடும். சொல்லச் சொல்ல அவன் எழுந்துவிட்டிருந்தான். வலியை மறந்து இடது முழங்கால் உயர்ந்தது. இடது கை தானாக மேலே போய், மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விரிந்து நின்றன.

மகாலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, கயிற்றைப் பிடித்திருந்த கணவனின் வலது கையைப் பார்த்தாள். உயர்த்திய கையை எப்படி இறக்குவதென்று தெரியாமல் லிங்கேஸ்வரன் அப்படியே நின்றான்.