றெஜினோல்டின் பிறந்தநாள்

“பன்னிரண்டு வருசமாப் பேப்பரில எழுதுறியள். பிறகென்னத்துக்கு இனிப் படிப்பு?” என்று டொலறஸிடம் கேட்காத ஆள் லண்டன் வெம்பிளியில் கிடையாது. பட்டம் இருந்தால் வெள்ளைக்காரப் பத்திரிகையில் வேலை கிடைக்கும் என்று புருஷனுக்குச் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்துத் திருந்தும் என்று தமிழ்ப் பேப்பரின் ஆசிரியர் யோகலிங்கத்துக்குச் சொன்னாள். அன்று காலை பல்கலைக்கழக நேர்முகத்திலும் அதே கேள்விதான். இதழியலில் முதுகலை படிக்க வந்த நாற்பது வயதுக்காரியைப் பேராசிரியை கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார். டொலறஸ் இரண்டு பதிலையும் சேர்த்து ஒப்புவித்துவிட்டு வந்தாள். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் காரணம் பிலோமினம்மா.

வைகாசியில் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து செத்தவர்களின் பெயர்கள் கொழும்பிலிருந்து போனில் வந்தன. அதில், வெம்பிளியில் மூத்த மகனோடு இருக்கும் பிலோமினம்மாவின் கடைசி மகன் றெஜினோல்டும் இருந்தான். பேப்பர் அச்சுக்குப் போகமுன் மூத்தவன் பீற்றர் ஓடிவந்தான். “அக்கா, அம்மாவுக்கு நெஞ்சில ஒப்பரேஷன் இருக்கு. தெரிஞ்சா தாங்கமாட்டா. பேரைப் போடாதேங்கோ.” யோகலிங்கம் யோசிக்கவே இல்லை. “விடு பிள்ளை. சனத்துக்காகத்தானே பேப்பர்” என்றார். டொலறஸ்தான் பெயரை எடுத்தாள். எடுத்தது சரியா பிழையா என்று கேட்க அந்த அறையில் ஆளில்லை. இப்படியானவற்றை உட்கார்ந்து பேசுகிற வகுப்பு இருக்கிறதாம் என்று யாரோ சொன்னபோதுதான் அவளுக்குப் படிக்கும் எண்ணமே வந்தது. படிப்பு என்று பெயர். அவள் தேடியது, செய்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஓர் இடம்.

நேர்முகம் முடிந்து புடைவைக்கடைக்கு மேலிருந்த அலுவலகத்துக்கு ஏறிவந்தால், பிலோமினம்மா கதிரையில் இருக்கிறார். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“மாதா கோயில்ல எங்கட ஊர் றோஸ்மலர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டும் பேசாமல் அழுறாள் பிள்ளை. விசரி. ஊர்க்கதை ஏதோ கேட்டிருக்கிறாள். பேப்பரில அவன்ர பேர் இல்லை, டொலறஸின்ர பேப்பர் பொய் சொல்லாது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். “வாற கிழமை அவன்ர பிறந்தநாள். வாழ்த்துப் போடு. கடிதம் போகாட்டிலும் ஆராவது பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டுவினம்.”

“வாங்கி வை பிள்ளை” என்றார் யோகலிங்கம், தலை நிமிராமல்.

பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும் கடைசிப் பக்கத்தில் அருகருகேதான் வரும். ஒரு பெயரைப் போடாமல் விட்டது ஒன்று; இது வேறு. செத்தவனுக்கு நீடூழி வாழ்க என்று தன் விரலாலேயே தட்டுவதா? சொன்னால், ஒப்பரேஷனுக்கு இன்னும் நாள் கிடைக்காத இந்த நெஞ்சு இங்கேயே நின்றுவிட்டால்? வகுப்பு ஒக்ரோபரில்தான் தொடங்கும்.

“படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடு. அவனுக்கு முகம் சின்னன்” என்று சிரித்தார் பிலோமினம்மா.

டொலறஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. யாரும் கூப்பிடாதபடி போன் ரிசீவரை எடுத்து மேசையில் வைத்தாள். யோகலிங்கம் ஏதோ சொல்ல எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு, முழங்கால் முட்ட பிலோமினம்மாவின் முன்னால் இருந்தாள். படத்தை வாங்காமல் அவருடைய கையைப் பிடித்தாள்.

பிலோமினம்மா அந்தக் கையைக் குனிந்து பார்த்தார்.

“றோஸ்மலரும் இப்பிடித்தான் பிடிச்சவள்” என்றார்.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. மற்றக் கை படத்தை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டது.