எழுபத்தெட்டு வயது ரத்தம்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளுக்கு முப்பத்துமூன்று வயது நடந்தபோது அவள் ரத்தத்துக்கு மட்டும் எழுபத்தெட்டு ஆனது. ஒரு புது வைரஸ் காய்ச்சல் முதல் தடவை ஊருக்குள் வந்த வருடம் அது. ஒன்பது நாள் படுத்து எழுந்தாள். முடி நரைக்கவில்லை, பல் ஆடவில்லை. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் அவள் ரத்தம் இருந்த குழாய் லொக்கு லொக்கென்று இருமியது. பரிசோதனைக்காரர் அதைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க உடம்பைக் காவல் காக்கிறவங்க ராப்பகலா சண்டை போட்டுக் கிழடுதட்டிப் போயிட்டாங்கம்மா. புதுசா ஆள் சேர்றதும் நின்னுபோச்சு. அந்தக் காய்ச்சலோட முகத்தை மட்டும் மறக்க மாட்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து சாதாரணச் சளிகூட அவளை இருபது நாள் படுக்கப்போட்டது. புதுக் கிருமி எது வந்தாலும் உள்ளே இருந்த கிழவர்கள் கண்ணைக் கசக்கி, "யாருப்பா நீ?" என்று விசாரித்து முடிப்பதற்குள் அது குடியேறிவிடும். அவள் மணிக்கட்டில் காது வைத்தால் முட்டிகள் சொடுக்கும் சத்தம் கேட்கும். "ஒரு மாமனார்னா சமாளிக்கலாம், பட்டாளத்தையே எப்படிச் சமாளிக்கிறது?" என்பான் சைக்கிள் கடை வைத்திருந்த கணவன். ஆனாலும் வெந்நீர் வைத்துக் கொடுப்பதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

பதினோரு வருடம் கழித்து அதே காய்ச்சல் திரும்பி வந்தது. மற்ற ஓட்டுநர்கள் ஐந்து பேரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். அவள் சாவியை எடுத்தபோது கணவன் வாசலை மறித்தான்.

"உள்ள இருக்கிறதெல்லாம் கிழம். அவங்களை நம்பியா போறே?"

"கிழம்தான். ஆனா இவன் முகம் தெரிஞ்ச கிழம்."

மூன்றாம் நாள், மூச்சுத் திணறிய தபால்காரரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது காய்ச்சல் அவளைத் தொட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். உடனே உடம்புக்குள் ஒரு பெரிய செருமல். ஆயிரமாயிரம் கிழவர்கள், "வந்துட்டான்டா பழைய பய!" என்று கைத்தடி தட்டி எழுந்த சத்தம் பின்னால் படுத்திருந்த தபால்காரருக்கே கேட்டது. பாலம் இறங்குவதற்குள் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பதினோரு வருடம் சோறு போட்டது வீண்போகவில்லை. முப்பத்தொன்பது நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரி சேர்த்தாள். நாற்பதாம் நாள் யாரோ தும்மிய வெறும் சளி பிடித்து ஒரு மாதம் படுத்தாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம், "அவ என் பொண்டாட்டிதான்" என்று யாரும் கேட்காமலே சொன்னான் கணவன். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது அவள் பஸ்ஸில் ஏறினால் அறுபத்தைந்து வயதுக்காரர்கள்கூட எழுந்து இடம் விடுகிறார்கள். முதலில் கூச்சப்பட்டாள். "உங்களுக்கில்லம்மா, உள்ள இருக்கிற பெரியவங்களுக்கு" என்றார் கண்டக்டர். அதற்குப் பிறகு அவள் மறுப்பதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். அத்தனை பேருக்கும் கண்டக்டர் ஒரே டிக்கெட்தான் கிழிக்கிறார்.