இரண்டு விரலுக்கு ஒரு பிடி

கத்தி கைநழுவித் தரையில் விழுந்து பிடி பிளந்துபோனது. அவள் அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

விபத்துக்குப் பிறகு அவளுடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. திங்கட்கிழமை ஓட்டலில் காய் நறுக்கிக் காட்ட வேண்டும். மாஸ்டர் தலையாட்டினால் பழைய வேலை கிடைக்கும். இல்லையென்றால் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

"அங்கேயே ஒரு கத்தி வாங்கிக்கக் கூடாதா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அங்க அவங்கவங்க கத்திதான். யாரும் யாருக்கும் தர மாட்டாங்க."

"அலகு நல்லாத்தானே இருக்கு? பிடி நான் போட்டுத் தரேன்" என்றான் கணவன். அவன் மேசை நாற்காலிகளுக்குப் பாலீஷ் போடுபவன். தெருவில் அவனுக்குப் பெயரே 'பளபளா'தான்.

"அண்ணி, உஷாரு! பிடி கேட்டா இவரு முகம் பார்க்கிற கண்ணாடி செஞ்சு தருவாரு."

"வாயை மூடிட்டு அந்த உப்புத்தாளை எடு."

தேக்குத் துண்டைச் செதுக்கி, பித்தளை ஆணி அடித்து, வார்னிஷ் பூசி, ஞாயிறு காலை கொண்டுவந்து நீட்டினான். பிடி தகதகவென்று மின்னியது. அவள் தக்காளியைக் கழுவி, ஈரக்கையோடு கத்தியைப் பிடித்தாள். அது விரால் மீனாக வழுக்கியது.

"ஏங்க, இதை அலமாரியில அழகுக்கு வைங்க. நான் பாத்திரமே கழுவிக்கிறேன்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "ஈரக்கையைப் பத்தி யோசிக்கலையே! என் நாற்காலியில உட்கார்றவங்க யாரும் தக்காளி நறுக்கறதில்லையே."

அவள் சப்பாத்திக்கு மாவு எடுத்தாள். இருந்த கோபத்தையெல்லாம் மாவின் மேல் காட்டிப் பிசைந்தாள். உருண்டையில் அவள் விரல்கள் பதிந்திருப்பதை அவன் எட்டிப் பார்த்தான்.

"ஏய், கத்தியைப் பிடிக்கிற மாதிரி அதை இறுக்கிப் பிடி... அப்படியே வை, அசைக்காதே! உனக்குப் பிடியோட பின்பக்கம் குண்டா வேணும். நான் என் கைக்கு அளவெடுத்துத் தொலைச்சிருக்கேன்."

"அண்ணி, நம்ம சாப்பாட்டைத் தூக்கிட்டு ஓடறாரு!" என்று நாத்தனார் கத்தினாள்.

மாவில் பதிந்த அச்சைப் பார்த்து வேறொரு மரத்துண்டை அரத்தால் ராவினான். பின்பக்கம் புடைப்பாகவும், விரல் படியும் இடங்கள் பள்ளமாகவும் வந்தன. அரத்தின் தடங்களை வழுவழுப்பாக்காமல் அப்படியே விட்டு, எண்ணெய் மட்டும் தேய்த்தான். பளபளப்பாக்கக் கை பரபரத்தது. வார்னிஷ் டப்பாவைத் தங்கையிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னான்.

திங்கட்கிழமை மாஸ்டர் அந்தக் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோணல்மாணலா? என் கையில நிக்கவே மாட்டேங்குது."

"என் கையில நிக்கும், மாஸ்டர்."

வெங்காயத்தை எடுத்தாள். முதலில் மெதுவாகத்தான் வந்தது. நடுவில் கையைக் கழுவி, நீர் சொட்டச் சொட்டக் கத்தியைப் பிடித்தாள். மடங்காத விரல்கள் புடைப்பின் மேல் அணைந்துகொண்டன. கத்தி நழுவவில்லை. துண்டுகள் ஒரே அளவில் விழத் தொடங்கின.

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு காலால் ஒரு கூடையை அவள் பக்கம் தள்ளினார்.

"வேகம் பத்தாது. அது தானா வரும். மதியத்துக்கு முட்டைக்கோஸ் முழுக்க உன் பொறுப்பு. என்னைப் பார்த்துட்டு நிக்காதே, நேரமாகுது!"

அவள் கூடையிலிருந்து ஒரு முட்டைக்கோஸை எடுத்துப் பலகையில் வைத்தாள்.