கேள்விக்குறி போட்ட ஃபோல்டர்

1

இந்தக் கதையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தபஸ்ஸும் கொடுத்தாள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் டிசைனர். என் பெயர் ரோஸ்மேரி. அதே கம்பெனியில் சரக்கு கப்பலேறுவதற்கான பேப்பர்களை டைப் செய்கிற வேலை எனக்கு. வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வந்ததிலிருந்து ஆபீசில் எல்லோரும் என்னிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசினார்கள். அவள் மட்டும் நேராக வந்து கேட்டாள்.

"அக்கா, என் கதையை எழுதறீங்களா?"

"எழுதலாமே."

"ஆனா காதல் கதையா மட்டும் ஆக்கிப்போடாதீங்க. அப்படி எழுதறதுதான் உங்களுக்கு ஈஸின்னு எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது உண்மை. ஒரு பெண், ஒரு ஆண், நடுவில் ஒரு டெலிபோன். கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது. போகப் போக இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "திருப்பூரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—" இல்லை. அன்றைக்கு மழையே இல்லை. நல்ல வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "கம்ப்யூட்டர்களுக்கும் மதம் உண்டு." இதை அடித்துவிட்டேன். யாராவது கைதட்டட்டும் என்று காத்திருக்கிற வாக்கியம்.

மூன்றாவது தொடக்கம் அவளுடைய அறை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அந்த அறை ஆபீஸ் ஹாலின் கோடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. மேசைமேல் வெள்ளை நிறத்தில் ஒரு மேக் கம்ப்யூட்டர். எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து வந்து சில மாதம் தங்கியிருந்த ஒரு டிசைனரம்மா கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பும்போது அதைத் தபஸ்ஸுமுக்குச் சொல்லிக்கொடுத்து, விட்டுவிட்டுப் போய்விட்டார். இது 2007-ல்.

ஹாலில் இருந்த மற்ற மெஷின்கள் அத்தனையிலும் விண்டோஸ். எல்லாமே ஒரே சி.டி.யிலிருந்து பிறந்தவை. அந்த சி.டி. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வாசிமுடையது. பென் டிரைவில் வைரஸ் ஏறி ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் வாசிம் ஜிப் வைத்த பையோடு வருவான். "ஃபார்மேட் அடிச்சர்லாங்க" என்பான். எந்த நோய்க்கும் அவனிடம் அது ஒன்றுதான் மருந்து.

இன்னொரு கட்சியும் இருந்தது. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங்கில் இருந்த முனீஸ், மதுரைப் பக்கத்துப் பையன், விண்டோஸே வேண்டாம் என்கிற லினக்ஸ்காரன். தபாலில் இலவசமாக சி.டி. வரவழைத்து எல்லோருக்கும் கொடுப்பான். வாங்கியவர்கள் அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கட்சிக்கும் சண்டை நடக்கும்.

"இதுல வைரஸே வராதுண்ணே," என்பான் முனீஸ்.

"வைரஸ் மட்டுமா, பிரிண்டரும்தான் வராது," என்பான் வாசிம்.

ஹாலே சிரிக்கும். முனீஸ் முகம் சிவக்க அடுத்த நியாயத்தை எடுப்பான். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே பைக்கில் டீ குடிக்கப் போவார்கள்.

தபஸ்ஸும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் சொல்ல விஷயம் உண்டு. தன் திரையில் தெரிகிற சிவப்புதான் சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியிலும் சிவப்பாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. "அது வேற ஜாதி மெஷினுங்க" என்று வாசிம் மரியாதையோடு ஒதுங்கிக்கொண்டான். அவளை யாரும் சண்டைக்குக்கூடக் கூப்பிடவில்லை.

[குறிப்பு: நான் இதை எழுதுவது விண்டோஸில். என்னையும் கட்சிக்காரி என்று நினைக்க வேண்டாம். வாசிம் போட்டுக்கொடுத்தான், அப்படியே இருக்கிறேன். பெரும்பாலான விசுவாசங்கள் யாரோ போட்டுக்கொடுத்தவைதான் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கதை நின்றுபோனதால் எடுத்துவிட்டேன்.]

3

குழந்தைகள் உடுப்புக்கான சாம்பிள் போகவேண்டிய வாரத்தில் அந்த மேக் எழுந்திருக்க மறுத்தது. சாம்பல் திரை. நடுவில் ஒரு சின்ன ஃபோல்டர் படம். அதற்குள் ஒரு கேள்விக்குறி. விட்டு விட்டு மின்னியது.

வாசிமைக் கூப்பிட்டோம். மெஷினைச் சுற்றி வந்தான், பின்பக்கம் தடவிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்கு ஸ்க்ரூ எங்கிருக்குதுன்னே தெரியலீங்க."

முனீஸ் வந்தான். தன் சி.டி.யைப் போட்டுப் பார்க்கலாமா என்றான். தபஸ்ஸும் மெஷினுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் செய்த டிசைன் எல்லாம் அதற்குள் இருந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உதவி கேட்க அவளுக்கு இந்த ஊரில் ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்ததும் அன்றைக்குத்தான்.

பிரிண்டர் மை விற்க வந்தவர் ஒருவர்தான் சொன்னார், தாராபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் இதுமாதிரி மெஷினைப் பார்த்ததாக. அவரிடமே நம்பர் வாங்கி, தபஸ்ஸும் என் மேசை போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் திணறினாள்.

"சார், ஆன் பண்ணினா... நடுவுல ஒரு..."

"ஏனுங்க, கேள்விக்குறி போட்ட ஃபோல்டருங்களா? மின்னுதுங்களா?"

தபஸ்ஸும் அழுதுவிட்டாள். மெஷின் இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் அழுதாள்.

"அழாதீங்க. ஆப்ஷன்னு ஒரு பட்டன் இருக்குது பாருங்க. அதை அமுக்கிப் பிடிச்சுட்டே ஆன் பண்ணுங்க. டிஸ்க் படம் வரும். அதைக் கிளிக் பண்ணி உள்ள போங்க. ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவர் பெயர் ஆத்தப்பன்.

4

ஆத்தப்பனை எழுதுவது எனக்குச் சிரமமாக இருந்தது. முதல் பிரதியில் அவரைக் கல்யாணம் ஆகாதவராக எழுதினேன். தபஸ்ஸுமின் நிபந்தனை ஞாபகம் வந்து அடித்தேன். அடுத்த பிரதியில் மனைவியை இழந்தவராக்கினேன். அது இன்னும் மோசம். ஒரு மத்தியானம் முழுக்க பொன்னாத்தாள் என் காகிதத்தில் செத்துக் கிடந்தார். பிறகு மனசு கேட்காமல் எழுப்பி உட்காரவைத்தேன்.

பொன்னாத்தாள் அவருடைய மனைவி. ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே வீடு. போனை முக்கால்வாசி அவர்தான் எடுப்பார். "ஏனுங்க, உங்க மெசின் புள்ள கூப்பிடுதுங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்துவது என் மேசைவரை கேட்கும்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காகக் கோயமுத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியிடமிருந்து பழைய மேக் ஒன்றை வாங்கியிருந்தார் ஆத்தப்பன். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் அதைப் புது மாடல் டி.வி. என்று நினைத்தார்களாம். தாராபுரத்தில் அவருக்கும் பேச ஆள் இல்லை.

தபஸ்ஸும் அடிக்கடி கூப்பிட்டாள். ஃபாண்ட் எங்கே போடுவது, பெரிய ஃபைலை எப்படிச் சுருக்குவது. "கொஞ்சம் இருங்க, பார்த்துட்டு நானே கூப்பிடறனுங்க" என்பார். சொன்னபடி கூப்பிடுவார். கொஞ்ச நாளில் உண்மையான சந்தேகங்கள் தீர்ந்துபோயின. அப்புறம் அவள் சந்தேகங்களைத் தயாரித்தாள். விடை தெரிந்த கேள்விகளைத் தெரியாததுபோல் கேட்டாள். பேச்சு மெஷினைத் தாண்டவே இல்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், சாட்சி சொல்கிறேன். ஆனால் போனை வைத்தபிறகு அவள் முகம்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. எந்த உவமை போட்டாலும் காதல் கதை ஆகிவிடுகிறது. சண்டை போட ஆள் கிடைத்துவிட்ட முனீஸின் முகம் மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.)

5

அந்த பையரின் ஆர்டர் அடுத்த வருஷம் நின்றது. முதலாளி தபஸ்ஸுமைக் கூப்பிட்டுப் பேசினார். கோபமாக இல்லை.

"கண்ணு, நீ நாளைக்கு லீவு போட்டா அந்த மெசினைத் தொடறதுக்கு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. அப்பறம் வேலை எப்படி நடக்கும்? எல்லாரு மாதிரியும் ஹாலுக்கு வந்துரு. வாசிம் புதுசா ஒண்ணு போட்டுக்குடுப்பான்."

தபஸ்ஸும் நேராக என் மேசைக்கு வந்து தாராபுரத்துக்குப் போன் போட்டாள்.

"சார், மேக்தான் வேணும்னு முதலாளிகிட்டச் சொல்றதுக்கு நாலு காரணம் சொல்லுங்க. நீங்க ஏன் விடாம வெச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க, போதும்."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"சார்?"

"நான் வெச்சுக்கலீங்க. போன தீபாவளிக்கே விண்டோஸ் மெசின் வாங்கிட்டனுங்க. ஆல்பம் பிரிண்ட் போடற எடத்துல இதுல குடுத்தா எடுத்துக்க மாட்டீங்கறாங்க. அதைத் துணி போட்டு மூடி உள்ரூம்புல வெச்சிருக்குதுங்க."

"அப்ப இத்தனை நாளா நான் கேட்டதுக்கெல்லாம்?"

"நீங்க கேட்டா அதை எடுத்து வெச்சு, ஒயர் மாட்டி, பார்த்துட்டுச் சொல்வனுங்க. மறுக்கா மூடி வெச்சர்றது."

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கேக்காமப் போயிருப்பீங்க. அதைப் பத்தி என்கிட்டக் கேக்கறதுக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

தபஸ்ஸும் போனை வைத்தாள். ஏமாந்துவிட்டதாக முதலில் கோபப்பட்டாள். "கட்சி மாறிட்டாருக்கா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "ஞாயித்துக்கிழமை என்கூடத் தாராபுரம் வர்றீங்களா?" என்றாள்.

6

நான் மாதா கோயிலுக்குப் போகாமல் அவளோடு போனேன். பஸ் குண்டடம் தாண்டும்வரை அவள் என்ன பேசவேண்டும் என்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பும்போது அவளுடைய அம்மா காத்தூன் பீவி, "யாரு ஊட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டபோது, "மெஷின் தெரிஞ்சவங்க ஊட்டுக்கு" என்று இவள் சொன்னதையும், அந்தம்மா அதற்குமேல் கேட்கத் தெரியாமல் நின்றதையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தப்பன் நரைத்த மீசையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இருந்தார். நாங்கள் வருவதை முன்பே போனில் சொல்லியிருந்தோம்; எங்களுக்காகப் போட்ட சட்டை என்று தெரிந்தது. பொன்னாத்தாள் வாசலிலேயே தபஸ்ஸுமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் மெசின் புள்ளையா! இத்தனூண்டு இருக்கற! குரலுக்குப் பெரிய டீச்சரம்மான்னு நெனச்சனே சாமி."

சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஆத்தப்பன் உள்ரூமுக்குக் கூட்டிப்போனார். பழைய வேட்டியை விலக்கினார். தபஸ்ஸுமிடம் ஒன்றும் கேட்காமல் சுவிட்சைப் போட்டார். மேக் எழும்போது மணி அடித்தாற்போல் ஒரு சத்தம் வரும். வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

பிறகு பேச எதுவும் இல்லை.

உண்மையாகவே இல்லை. மெஷின் நன்றாக வேலை செய்தது. கேட்க ஒரு சந்தேகமும் மீதமில்லை. போனில் அவ்வளவு பேசியவர்கள் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் தபஸ்ஸும்.

"ஆமாங்க. ஒரு குறையும் இல்லீங்க," என்றார் ஆத்தப்பன்.

அங்கே நான் ஒரு வசனம் எழுதிவைத்திருந்தேன். ஆத்தப்பன் நிமிர்ந்து பார்த்து, மனசில் இருப்பதை நான்கு வரியில் கொட்டுவதாக. அழகான வசனம். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். ஜன்னலோர சீட் பிடித்துக்கொடுத்தார். பஸ் கிளம்பும்போது, "எதாச்சும் சந்தேகம்னா கூப்பிடுங்க" என்றார். இனி சந்தேகம் வராது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

7

மேக்கை முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போனார். பார்க்க அழகாக இருக்கிறதாம், வீட்டு ஹாலில் வைத்தார்களாம். தபஸ்ஸும் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். வாசிம் அவளுக்கு நல்ல மானிட்டராகத் தேடிப்பிடித்துப் போட்டான். முனீஸ் ஒரு சி.டி. கொடுத்தான். சாப்பாட்டு நேரத்துச் சண்டையில் இப்போது அவளையும் இழுத்தார்கள். "நீங்களே சொல்லுங்க தபஸ்ஸும், விண்டோஸ் எப்படி?"

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்பாள்.

ஹாலில் அவள் தனியாக இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடி அறையில் இருந்ததைவிடத் தனியாக இருந்தாள். இதை நான் காரணத்தோடு விளக்க முயன்று, மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, சும்மா ஒரு போன் போட்டுப் பேசேன்" என்றேன்.

"என்னன்னு கூப்பிடறது அக்கா?"



முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆத்தப்பன் தன் மேக்கைப் பஸ்ஸில் ஏற்றி அவளுக்கு அனுப்பிவைக்கிறார். — கண்ணீர் வரும். ஆனால் அவள் வீட்டில் அதை வைக்க இடமில்லை.

(ஆ) அவள் விண்டோஸ் பழகி, அதிலே அவருக்குச் சந்தேகம் தீர்த்துவைக்கிறாள். — வாசிமுக்கு இந்த முடிவு பிடித்திருந்தது.

(இ) அவரவர் வேலையில் மறந்துபோகிறார்கள். — இதுதான் நடக்கும் என்று நினைத்தேன். இதோடு முடித்தும்விட்டேன்.

முடித்த பிறகு ஒன்று நடந்தது.

ஒரு காலை, சாம்பிள் எல்லாம் அனுப்பி ஹால் ஓய்ந்திருந்த நேரம். தபஸ்ஸும் என் மேசைக்கு வந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனைத் தன் பக்கம் இழுத்தாள். நம்பர் பார்க்காமலே அழுத்தினாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மெஷின்கள் ஓடுகிற தையல் பகுதிக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கே பக்கத்தில் கத்தினால்கூடக் காதில் விழாது.

திரும்பி வந்தபோது போன் அதனிடத்தில் இருந்தது. அவள் தன் சீட்டில் குழந்தைச் சட்டை ஒன்றுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. கதைக்காக எத்தனையோ சொன்னவள் அந்தக் காலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எனவே எனக்குத் தெரிந்தவரை எழுதித் தருகிறேன். மணி அடிக்கிறது. பொன்னாத்தாள்தான் எடுத்திருப்பார். அவர் உள்ளே பார்த்துக் கத்துகிறார். செருப்புச் சத்தம். போன் கை மாறுகிறது. "சொல்லுங்க, மெசினுக்கு என்னாச்சுங்க?" என்கிறார் ஆத்தப்பன்.

அடுத்த வரி தபஸ்ஸுமுடையது. நான் அங்கே இல்லை. நீங்கள் யாருக்காவது, கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல், போன் செய்திருந்தால் அந்த வரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேற்கோள் குறியை மட்டும் திறந்து வைக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"