எறும்புகளிடம் கிரேன் வேலை

1958 பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, முத்தலிப் எறும்புகளிடம் வேலைக்குச் சேர்ந்தார். அன்று திருகோணமலைச் சந்தையில் சூடை மீன் மலிவு.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய் நாலு மாதமாகியிருந்தது. அவனோடு, கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் இருபது வருடம் கிரேன் ஓட்டிய முத்தலிப்பின் வேலையும் போனது. வேறு வேலை தேடாமல் அவர் செய்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. கழித்துப் போட்ட ஜன்னல் கண்ணாடிகளை ஒட்டி, உள்ளே பாசி, பன்னச்செடி, ஒரு சிரட்டைக் குளம், இரண்டு தேரைகள். பூச்சி புழு வரக்கூடாதென்று மண்ணைக்கூடத் தாச்சியில் வறுத்துத்தான் போட்டார். புருசன் மண் வறுக்கிறார் என்ற செய்தி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இருந்த, மனைவி ஸாலிஹாவின் தமையனுக்கு மறுநாளே எட்டிவிட்டது. யார் சொன்னது என்று இங்கே ஆராயத் தேவையில்லை. தமையன் கலீலுர் றஹ்மான் ஆள் விட்டுச் சொன்னார்: நோன்புப் பெருநாளுக்குள் மச்சானுக்கு வேலை கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டி, இருவரையும் வண்டியில் ஏற்றி, தன் வயலில் குருவி விரட்ட வைப்பாராம். நாலு தொன் இரும்பை முட்டை போல இறக்கி வைத்த மனிதர், மூன்று நாள் சிரட்டைக் குளத்துக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

வறுத்த மண்ணுக்குள்ளிருந்து எறும்புகள் வந்தது அந்த வாரம்தான். யாரும் போடவில்லை, மூடியில் இடுக்கும் இல்லை. டொக்யாட்டில் வேலைச் சங்கு ஊதுவது நின்றுபோயிருந்தும் ஏழு மணிக்கு வரிசையாக வந்தன, பன்னிரண்டுக்கு ஓய்ந்தன, நாலரைக்குக் கலைந்தன. முத்தலிப் செய்த பிழை ஒன்றே ஒன்று. தேரைகளுக்கு நிழலாக இருக்கட்டும் என்று தன் பழைய பித்தளை நம்பர் தகட்டைப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருந்தார். டொக்யாட் சட்டப்படி, தகடு தொங்கினால் ஆள் உள்ளே வேலையில் நிற்க வேண்டும். மூன்று நாள் பொறுத்த எறும்புகள் நாலாம் நாள் விடிய வந்து அவர் கால் பெருவிரலில் கடித்தன. இருபது வருடப் பழக்கம்; அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் கழுவி, காக்கிக் காற்சட்டை போட்டு, மூடியைத் திறந்து நின்றார். ஈர்க்கில் நூல் கட்டி, நூலில் வளைத்த குண்டூசி. செத்த கரப்பானை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இறக்குவதுதான் முதல் நாள் வேலை.

சனிக்கிழமை சம்பளம், அரிசியாக. ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பிடியாக எறும்புகள் சேர்த்தது, மொத்தம் இரண்டு கொத்து. கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து நாலு நெத்தலிக் கருவாடும் வந்து சேர்ந்தன. நடந்து வந்த களைப்பு எறும்புகளிடம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் புஸ்பராணி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“ஸாலிஹா, சுளகில கிடக்கிறது எங்கட வீட்டுப் புழுங்கலரிசியெல்லோ?”

“ஓம் அக்கா. இனிமேல் கல்லுப் பொறுக்கி வைங்க, இவருக்குப் பல்லுக் கூசுதாம்.”

புஸ்பராணி ஒரு கிழமை கதைக்கவில்லை. கல் மட்டும் பொறுக்கினாள்.

பெருநாளுக்கு முதல் நாள் கலீலுர் றஹ்மான் வண்டியோடு வந்து இறங்கினார். பாய், தலையணை, சட்டிபானை எல்லாவற்றையும் தானே வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே போனார்.

“வாங்க மச்சான், போவம். விளையாடினது காணும்.”

“டியூட்டியில நிக்கிறன். நாலரைக்குக் கதைப்பம்.”

“எறும்புக்கு என்ன டியூட்டி? உங்களுக்குப் பைத்தியம் முத்திட்டுது!”

தகட்டைப் பிடுங்க அவர் கையை நீட்டினார். வரிசை நின்றது. ஆயிரக்கணக்கான எறும்புகள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. ஸாலிஹா குசினி வாசலுக்கு வந்தாள். முத்தலிப் திரும்பவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த வண்டுச் சிறகைத் தும்பளவும் ஆடாமல் இறக்கி வைத்தார். வரிசை மறுபடி நடந்தது. கலீலுர் றஹ்மான் கையை இழுத்துக்கொண்டார். கதிரையை இழுத்துப் போட்டு நாலரை வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“மச்சான், இன்னும் ஆக்கள் எடுக்கிறாங்களா?”

சாமான்கள் இறங்கின. வண்டி கிண்ணியாவுக்கு ஆளில்லாமல் திரும்பியது. மாடுகளுக்கு வழி தெரியும். அந்தப் போகம் குருவிகளுக்கு நல்ல விளைச்சல்.

1963இல் குடிசனக் கணக்கெடுக்க வந்தவர், தொழில் என்ற இடத்தில் ‘கிரேன் இயக்குநர், இருவர்’ என்று எழுதினார். வேலை யாரிடம் என்று கேட்டதற்கு ஸாலிஹா பெட்டியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“அரசாங்கமா, தனியாரா?”

“ஒருத்தரும் தேத்தண்ணிக்கெண்டு எழும்பிப் போறதில்ல, தம்பி. தனியாரெண்டு போடுங்க.”

அப்படியே போட்டுக்கொண்டு அவர் புஸ்பராணி வீட்டுக்குப் போனார்.