மூடிய போத்தலில் அயடீன்

பலகையில் 'அயடீன் 131' என்று எழுதிய கை அதற்கு மேல் நகரவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எஞ்சினியரிங் பீடக் கனவோடு காத்தான்குடித் தெருக்களிலிருந்து டியூசனுக்கு வந்த பிள்ளைகள் ஷிஹான் சேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடாவருடம் வாய்ப்பாடு மாதிரி அவன் ஒப்புவிக்கிற கணக்குத்தான். மூடிய போத்தலில் அயடீன். எட்டு நாளில் பாதி சிதையும், அடுத்த எட்டு நாளில் மீதியில் பாதி. "எத்தனெ வருசம் போனாலும் கணக்குப்படி பூச்சியம் வராது, புள்ளையள்" என்று சொல்லிச் சிரிப்பது வழமை. இன்று சொன்னான், சிரிக்கவில்லை. டியூசன் கொட்டிலுக்குப் பின்னால், வீட்டின் கதவு சாத்திய அறையில், அதே அயடீனை விழுங்கிய நஸீபா படுத்திருந்தாள்.

அவனுடைய மனைவி. கழுத்தில் வந்த தைரொயிட் புற்றை வெட்டியெடுத்த பிறகு, மிச்சத்தைக் கருக்குவதற்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து அது. இரண்டு வாரம் பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். மூன்று வயது ஸாதியாவை ஓட்டமாவடியில் தன் தங்கை நஸீறா வீட்டில் விட்டிருந்தான். அந்த இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. ஆனால் ஷிஹான் நம்பியது டொக்டரை அல்ல, கணக்கை. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இன்னும் நஸீபாவுக்குள் இருக்கிறது. மனைவியை நினைத்துப் பயமா, மனைவியிடமே பயமா என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

கலியாணமான நாளிலிருந்து ஒரே சஹனில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். இப்போது அந்தப் பெரிய தட்டு குசினியில் கவிழ்ந்து கிடந்தது. அவளுக்குத் தனிப் பீங்கானில் சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நிற்பான். வீடோ அவளுடைய சீதன வீடு. இவன்தான் குடிவந்த மாப்பிள்ளை.

வகுப்பு கலைந்ததும் கதவடிக்குப் போனான்.

"நஸீறாக்கிட்டச் செல்லப்போறன், புள்ள இன்னம் ஒரு மாசம் அங்கயே நிக்கட்டும் எண்டு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"டொக்டர் செல்லிட்டாருதானே?" என்றாள் நஸீபா.

"அவரு பொதுவாச் செல்லுற. கணக்குப் பார்த்தா..."

"நீங்க படிச்சுக் குடுத்தது எனக்கும் கேட்டிச்சி. அந்தக் கணக்குல அயடீன் போத்தலுக்குள்ள இருந்திச்சி. நான் போத்தலா? தண்ணி குடிக்கிறன், வேர்க்கிது, கக்கூசுக்குப் போறன். முதல் ரெண்டு மூணு நாளையிலயே கனக்கப் போயிடும் எண்டு ஆஸ்பத்திரியில செல்லித்தந்தாங்க. நீங்களும் பக்கத்துலதான் நிண்டீங்க."

நின்றான்தான். அன்றைய பயத்தில் அவன் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

"உம்மா உம்மா எண்டு சோறும் திங்காமக் கெடந்தாள், காக்கா" என்று அண்ணனிடம் சொன்னபடி நஸீறா இறங்கினாள். "ரெண்டு கெழம முடிஞ்சிதானே, கூட்டி வந்துட்டன்."

ஸாதியா வீட்டுக்குள் ஓடினாள். அவன் பாய்ந்து அவள் சட்டையின் பின்புறத்தைப் பிடித்தான்.

அறைக் கதவு திறந்தது. இளைத்துப்போன நஸீபா, கழுத்துத் தழும்பை முக்காட்டால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையை நோக்கிக் கை நீட்டுவாள் என்று நினைத்தான். அவளோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அத்தனை பேசியவளுக்கும் பயம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வாப்பா, இப்ப உம்மாக்கிட்டப் போகலாமா?" என்று கேட்டாள் ஸாதியா.

நஸீபா பிள்ளையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். ஸாதியா பதிலுக்குக் காத்திராமல் முன்னால் இழுத்தாள். மார்க்கர் மை படிந்த அவன் பிடிக்குள், சட்டையின் தையல் மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.