குற்றாலத்தில் வாங்கிய கையெழுத்து

வருகிற ஆவணியில் முத்துக்குமாரசாமிக்கு முப்பது முடிகிறது. பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

அருவிப் பாறையில் படரும் பாசிகளைச் சேகரித்து, காயவைத்து, பழைய பரீட்சைத் தாள்களுக்குள் பொதிந்து ஒரு டிரங்குப் பெட்டியை நிறைத்து வைத்திருந்தான் அவன். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியதோ, ஏழு வருஷமாக எட்டாம் வகுப்புக்குச் செம்பருத்தியைக் கிழித்துக் காட்டுவதற்கு.

வேலையில் இருப்பவன் நேராக மனுப் போட முடியாது பாருங்கள். மேலதிகாரி அதிலேயே சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பள்ளிக்கூடச் செயலாளர் நாறும்பூநாத பிள்ளை, அஷ்டமி என்றார், நவமி என்றார். பிறகு சாரல் குளிக்கக் குற்றாலம் போய்விட்டார். கடைசித் தேதிக்கு இரண்டே நாள் இருக்கையில் முத்துக்குமாரசாமியும் பஸ் ஏறினான்.

அருவிக்கரைப் பாறையில், தலைமுதல் கால்வரை எண்ணெய் வழியக் குப்புறக் கிடந்தார் பிள்ளை. ஓர் ஆள் முதுகில் ஏறி மிதிக்காத குறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்து..."

"வாரும் வே! இந்தக் கையோட தொட்டா உம்ம பேப்பர் அப்பளமாயிரும். இங்கன உக்காரும், குளிச்சிட்டு வாரேன்."

சாரல் தூறியது. மை கரைந்துவிடாமல் மனுவைச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். குளித்துவிட்டு வந்தவருக்குப் பசி. சாப்பிட்ட பிறகுதான் வாடகை வீட்டுக் கூடத்தில் பேனாவைத் திறந்தார்.

"ஒரு வரி போதும் அண்ணாச்சி."

"உமக்கு ஒரு வரியா? நல்லா இருக்கே! பெத்த பிள்ளைக்கு எழுதுத மாதிரில்லா எழுதுதேன்."

பக்கம் நிறைய இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். முத்துக்குமாரசாமி படித்தான். குணம், ஒழுக்கம், உழைப்பு எல்லாம் இருந்தது. கடைசி வரி இது: 'இவர் போனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானமே நின்றுபோகும், இவருக்கு ஈடாக இன்னொருவர் எங்களுக்குக் கிடைக்கமாட்டார்.'

"அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிய மட்டும்..."

"ஏன் வே, பொய்யா எழுதியிருக்கேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எண்ணெய் எரிச்சல் இல்லை அது, பாசந்தான். இந்த மனிதரிடம் கோபப்படவாவது முடிந்ததா அவனால்? வேறு மனுப் படிவமும் கையில் இல்லை. கையெழுத்து இல்லாத மனு செல்லாது. இந்தக் கையெழுத்தோடு போனால் வேலை கிடைக்காது. தென்காசி ஸ்டேஷன் தபால் பெட்டியில் உறையைப் பாதி நுழைத்து, வெகுநேரம் பிடித்தபடி நின்றான். பிறகு விட்டுவிட்டான்.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் செயலாளர் பேருக்குப் பதில் வந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளை அதை நிமிர்ந்து நின்று வாசித்தார்.

"'இத்தகைய ஆசிரியரைத் தங்களிடமிருந்து பிரிக்க நாங்கள் விரும்பவில்லை.' கேட்டீங்களாடே பிள்ளைகளா? பல்கலைக்கழகமே சொல்லுது! நம்ம சாரை யாரும் கொண்டுபோக முடியாது!"

முந்நூறு பிள்ளைகளும் கைதட்டினார்கள். பிள்ளை தயாராக வைத்திருந்த மாலையை அவனுக்குப் போட்டு, தோளைப் பிடித்து அழுத்தினார். "சந்தோஷந்தான வே?"

"சந்தோஷம் அண்ணாச்சி."

முதல் மணி அடித்தது. மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பள்ளிக்கூட வேலியில் ஒரு செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் போனான் முத்துக்குமாரசாமி.